செத்தவர் ஓட்டிய லொறி

ஆமி மாமாவுக்கு வாசிகசாலை முன்றலில் நினைவுக்கல் வைக்கப் போகிறீர்கள் என்று நம் வகுப்புக் குழுவில் பார்த்தேன். நல்ல விடயம். ஆனால் அதற்குக் கீழே ஆளுக்கு ஆள் எழுதியிருந்ததை வாசித்து முடிப்பதற்குள் என் தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது. "போர்முனையில் பீரங்கி வண்டி ஓட்டிய எமது மண்ணின் வீரத் திருமகன்" என்று ஒருவர். எதிரிகளைச் சுட்டுத் தள்ளியதாக இன்னொருவர். கனடாவில் குளிருக்குள் இருந்துகொண்டு எதையும் எழுதலாம் போலிருக்கிறது.

அவர் என்னுடைய மாமா. அம்மாவின் மூத்த தமையன். வெள்ளைக்காரனின் ஆமியில் சேர்ந்து எகிப்துப் பாலைவனத்தில் லொறி ஓட்டினார். லொறியில் இருந்தது தண்ணீரும் பாண் ரொட்டியும். எதிரி என்று அவர் கண்டது, பிடிபட்டு வரிசையில் நின்று தண்ணீர் கேட்டவர்களைத்தான். அவர்களுக்கும் வார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். இதை நம் ஊர் நீர்வேலியில் அந்தக் காலத்தில் கேட்டவர்கள் யாரும் மெச்சவில்லை. "சுடாமல் ஏன் போனவன்?" என்றுதான் கேட்டார்கள்.

போகட்டும், அதற்காக நான் இதை எழுதவில்லை. நேற்று நிகழ்ச்சி நிரல் என்று ஒன்றைப் போட்டீர்களே, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அதில் இருக்கும் ஒரு வரிக்கு நான் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், மாமாவின் மகளுக்கு, எங்கள் மச்சாளுக்குக் கலியாணம் பேசிய அந்த வருடத்தை உங்களுக்கு ஒருமுறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு அப்போது ஒன்பது வயது. உங்களுக்கு அந்தக் கலியாணத்தின் பயற்றம் பணியாரம் மட்டும் நினைவிருக்கிறது என்பது குழுவில் எழுதுவதிலிருந்தே தெரிகிறது.

மாமாவின் லொறி உங்களுக்கு மறந்திருக்காது. ஆமிக்காரர் கழித்துவிட்ட பழைய லொறி. பச்சை நிறம் உரிந்து உள்ளே வேறொரு பச்சை தெரியும். முன் இருக்கையில் டீசலும் கனிந்த கதலிப்பழமும் கலந்த ஒரு மணம் வரும். விடியற்காலையில் தோட்டங்களில் வெட்டிய குலைகளைச் சருகு சுற்றி அடுக்கி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஏற்றிப் போவார். திரும்பி வந்ததும் கிணற்றடியில் விட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அதைக் கழுவுவார். கழுவும்போது காக்கிக் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டிருப்பார். சுவரில் ஒரு எனாமல் கோப்பை தொங்கும். பாலைவனத்திலிருந்து வந்த கோப்பை. அதில் வேறு யாரும் குடிக்க முடியாது. பல வருடம் கழித்து, போரில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கோப்பையும் இல்லை.

ஊரில் யாருக்காவது நெஞ்சு நோவு, பிள்ளைப்பேறு, பாம்புக்கடி என்றால் நேரே மாமாவின் படலையில்தான் வந்து தட்டுவார்கள். கோப்பாயையும் இருபாலையையும் தாண்டி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு குழியில் விழுத்தாமல் கொண்டுபோவார். நான் வயிற்றில் இருந்தபோது அம்மா போனதும் அந்த லொறியில்தான். உங்களில் எத்தனை பேரின் அம்மாமார் அப்படிப் போனார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், கேட்பதற்கு ஆள் இருந்தால். சாவீடு என்றாலும் முதல் ஆள் அவர்தான். பந்தலுக்குத் தடி, பாடைக்கு மூங்கில், வெளியூர்ச் சொந்தங்களுக்குச் செய்தி எல்லாம் அந்த லொறியில்தான் போயின.

கலியாணவீட்டுக்கும் லொறி போகும். கதிரை, கிடாரம், விறகு, வாழைமரம் எல்லாம் ஏற்றிப் போகும். ஆனால் தாலி கட்டும் நேரத்தில் மாமா பந்தலுக்குள் இருக்கமாட்டார். வெளியே லொறியின் முன் இருக்கையில் இருப்பார். யாராவது ஒரு பெண் இலையில் சாப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடுப்பாள். அங்கேயே இருந்து சாப்பிடுவார். சின்னவர்களாக இருந்த நாங்கள், அவருக்கு லொறியில் அப்படி ஒரு ஆசை என்று நினைத்தோம். பெரியவர்கள் நினைக்க விட்டார்கள்.

உண்மை என்னவென்றால், நம் ஊரைப் பொறுத்தவரையில் அவர் செத்தவர்.

மாமா கலியாணம் கட்டிய சில மாதங்களில் ஆமிக்குப் போனார். முதலில் கடிதம் வந்தது, பிறகு நின்றது. வருடக்கணக்கில் ஒன்றுமில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர் ஊருக்கு வந்தபோது, அந்தப் பக்கம் போன கப்பல் ஒன்று கடலில் மூழ்கித் தாண்டுபோனதாகச் சொன்னார். மாமா போனது அந்தக் கப்பலா என்று அவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கோயில் கொடியேறப் போகிறது. எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு திருவிழா உண்டு. அந்தத் திருவிழாவைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள இன்னொரு குடும்பம் பல வருடமாகக் காத்திருந்தது. திருவிழா நடக்கும்போது மாமாவின் சாவுச் செய்தி வந்தால் என்ன ஆகும்? துடக்கு, சாவுத் தீட்டு. சுவாமி வாசலில் நிற்க நாங்கள் வீட்டோடு இருக்கவேண்டும். திருவிழா கைமாறிவிடும்.

இதற்கு அம்மாவின் தகப்பன், நாங்கள் எல்லோரும் அப்பு என்று கூப்பிட்டவர், ஒரு வழி கண்டுபிடித்தார். இப்படியொரு வழியைக் கண்டுபிடிக்க உலகத்தில் வேறு எந்த ஊராலும் முடியாது. மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருப்பதுதானே சிக்கல்? செத்துவிட்டான் என்று வைத்துக்கொண்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோடு துடக்குக் கழிந்துவிடும், கொடியேற்றத்துக்கு நாளும் இருக்கிறது. ஐயரும் ஓம் என்றார். தர்ப்பையில் ஓர் உரு செய்து கொள்ளி வைத்தார்கள். கீரிமலையில் அந்தியேட்டி செய்தார்கள். மாமியின் தாலிக்கொடியைக் கழற்றி வெள்ளைச் சீலை கொடுத்தார்கள். மாமிக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. அந்த வருடத் திருவிழாவுக்கு இரண்டு கூட்டம் மேளம் பிடித்ததாக அம்மா சொல்லியிருக்கிறார்.

மூன்று வருடம் கழித்து, ஒரு பின்னேரம், மாமா தோளில் ஒரு பையோடு பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தார். மாமி கிணற்றடியில் நின்றிருக்கிறார். வெள்ளைச் சீலை, வெறும் கழுத்து. மாமா பையைக் கீழே வைக்காமலே கேட்டிருக்கிறார்.

"ஆர் செத்தது?"

மாமி சொன்னது ஒரு சொல்தான்.

"நீங்கள்."

அம்மா அப்போது சிறுமி. கிணற்றுக்கட்டில் இருந்து பார்த்திருக்கிறார்.

சரி, ஆள் வந்துவிட்டார். "நாங்கள் பிழை விட்டுவிட்டோம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம் அல்லவா? எங்கள் ஆட்கள் அதையா செய்வார்கள்? அந்தியேட்டி செய்த ஆள் மறுபடி வீட்டுக்குள் வரவேண்டுமானால் மறுபடி பிறக்க வேண்டும் என்று ஐயர் சொன்னார். பெரிய கிடாரத்தில் தண்ணீர் நிறைத்து, அதற்குள் இருந்து எழும்பி, பெயர் வைத்து, சோறு தீத்தி, அதன் பிறகு மாமிக்குத் திரும்பவும் தாலி கட்ட வேண்டுமாம். மாமா கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "நான் ஒருக்காலும் சாகேல்லை. பிறகேன் பிறக்கிறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், பழைய கொடியை எடுத்து மாமியின் கழுத்தில் தானே போட்டுவிட்டார். மந்திரமும் இல்லை, மேளமும் இல்லை. ஊர் வாயை மூடிக்கொண்டது. ஆனால் மங்கல காரியங்களில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவரிடம் வேலை வாங்கும்போது மட்டும் அவர் உயிரோடு இருந்தார்.

பிறகு மச்சாள் பிறந்து, வளர்ந்து, அவளுக்குக் கலியாணம் பேசும் காலமும் வந்தது. சாவகச்சேரிப் பக்கத்து மாப்பிள்ளை. கந்தோரில் கிளாக்கர். நல்ல மனிதர்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் காதில் அந்தியேட்டிக் கதையை யார் போட்டார்களோ தெரியாது. பேச்சுக்கு வந்த மாப்பிள்ளையின் தகப்பன், அதாவது சம்பந்தி, அப்புவைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளையிலை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தாரை வாக்கிற ஆளைத்தான் கொஞ்சம் யோசிக்கவேணும்" என்றாராம். அப்பு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மாமாவிடம் கேட்கவுமில்லை. என் அப்பாவும் அம்மாவும் தாரை வார்ப்பார்கள் என்று சபையில் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

என் அம்மா முதலில் அழுதார். பிறகு என்ன சீலை உடுப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அம்மாவைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். ஒரு அநியாயம் நடந்தால் கொஞ்சநேரம் அழுதுவிட்டு அதற்கு ஏற்றபடி உடுத்துவார்கள்.

ஒருநாள் கலியாணச் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போனோம். லொறியில் மாமா, மச்சாள், நடுவில் நான். கல்வியங்காட்டடியில் மச்சாள் அழத் தொடங்கினாள்.

"அப்பா, எனக்காக ஒருக்கா அந்தக் கிடாரத்துக்குள்ளை இருந்து எழும்புங்கோவன். ஐந்து நிமிசம். ஆருக்கு என்ன போகுது? நீங்கள்தான் என்னைக் கையிலை பிடிச்சுக் குடுக்கவேணும்."

எதிரே மாட்டுவண்டி ஒன்று வந்தது. மாமா அதற்கு வழி விட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நான் எழும்புவன் மோனை. எனக்கென்ன வெக்கமே? ஆனால் நான் எழும்பினால், நான் செத்தது உண்மையெண்டு வந்திடும். அப்ப கொம்மாவுக்கு அந்த மூண்டு வருசமும் வெள்ளைச்சீலை சுத்தினது சரியெண்டு ஆகிடும். பிழை விட்டது அவை. குளிக்கிறதெண்டால் அவை குளிக்கட்டும்."

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. கிடாரத்தில் இருந்து எழும்புவது வேடிக்கையாக இருக்குமே, மாமா ஏன் மறுக்கிறார் என்றுதான் நினைத்தேன். மச்சாள் வீட்டுக்கு வந்ததும் மாமியிடம் அதைச் சொன்னாள். மாமி உழுந்து புடைத்துக்கொண்டு இருந்தார். கேட்டார். புடைத்து முடித்தார். சுளகை மூலையில் சாத்திவிட்டு எழும்பிப் போனார். இத்தனை வருடமாக எல்லோரும் மாமாவின் சடங்கைப் பற்றிச் சண்டை பிடித்தார்களே, மாமியிடம் யாராவது ஒரு சொல் கேட்டார்களா? எனக்குத் தெரிய இல்லை.

பொன்னுருக்கு நாள் வந்தது. உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குவார்கள். பெண் வீட்டில் பலகாரச் சூடு. இரண்டுக்கும் நேரம் பார்த்திருந்தார்கள். பின்வளவில் கல் வைத்து அடுப்பு மூட்ட ஆயத்தம். தாச்சியில் எண்ணெய், சுளகுகளில் மா, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். அப்பு புதுச் சால்வையோடு சாவகச்சேரிக்குப் புறப்பட நின்றார். ஐயரும் கூடப் போவதற்காக வந்திருந்தார். மாமா வழக்கம்போல வெளியே லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கை பெண்ணின்ரை தாய்? நேரம் போகுது, வந்து அடுப்பை மூட்டச் சொல்லுங்கோ" என்று அம்மா கூப்பிட்டார்.

மாமி வந்தார்.

வெள்ளைச் சீலை உடுத்தியிருந்தார். நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் கொடியில்லை. கொடி கையில் இருந்தது. அதை வெற்றிலைத் தட்டில் வைத்து, தட்டை அப்புவின் காலடியில் வைத்தார்.

அம்மா வீரிட்டுக் கத்தினார். "ஐயோ, நல்ல நாளும் அதுவுமாய் என்ன வேலை செய்யிறியள் அண்ணி!" ஒரு கிழவி எண்ணெய்த் தாச்சிக்கு மேலால் விழப்பார்த்தார். மச்சாள் அறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன பிள்ளை உது?" என்றார் அப்பு.

"அவர் செத்தவர் எண்டு நீங்கள் சபையிலை ஒப்புக்கொண்டு வந்திட்டியள் மாமா. செத்தவரின்ரை பெண்சாதி கொடி போட்டுக்கொண்டு மகளின்ரை பலகார அடுப்பை மூட்டலாமோ? நீங்களே சொல்லுங்கோ. முந்தி நீங்கள்தானே கழட்டச் சொன்னனீங்கள். இந்தமுறை உங்களுக்குக் கரைச்சல் வைக்காமல் நானே கழட்டிப்போட்டன்."

ஐயர் தொண்டையைச் செருமினார். "இதுக்கொரு பரிகாரம்…"

"ஐயா, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றார் மாமி. அந்தக் காலத்தில் ஐயரைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஐயர் பேசாமல் இருந்தார்.

மூட்டாத அடுப்பில் எண்ணெய் அப்படியே கிடந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பு வாசலைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், என் அப்பாவைப் பார்த்தார். எல்லோரும் அவரவர் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அந்தத் தட்டைப் பார்த்தார்.

"அவன் சாகேல்லை" என்றார் மெதுவாக.

"எனக்குக் கேக்கேல்லை மாமா."

"என்ரை பெடியன் சாகேல்லை!" அப்பு இப்போது கத்தினார். கத்தும்போதே அழுதார். "நான்தான் பிழை விட்டனான். திருவிழா போயிடும் எண்டு செய்தனான். உயிரோடை இருந்த பிள்ளைக்குக் கொள்ளி வைச்சனான். போதுமே பிள்ளை?"

"எனக்குக் காணும். இதைச் சாவகச்சேரியிலையும் சொல்லுங்கோ. அவரின்ரை மகளுக்கு அவர்தான் தாரை வாக்கிறது."

மாமா எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. கையெல்லாம் ஈரம். தட்டில் இருந்த கொடியை எடுத்து, இரண்டாவது முறையாக, மேளம் இல்லாமல், மந்திரம் இல்லாமல் மாமியின் கழுத்தில் போட்டார். அப்புவின் பக்கம் திரும்பி, "அழாதையுங்கோ அப்பு, நேரம் போகுது" என்றார். மாமி உள்ளே போய்ச் சிவப்புச் சீலை உடுத்திக்கொண்டு வந்து அடுப்பை மூட்டினார். புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது. அதற்குப் புகை மட்டும் காரணமில்லை.

சாவகச்சேரிக்கு அப்புவைக் கூட்டிப்போக வேறு ஆள் யார்? மாமாதான் லொறியை ஓட்டினார். அங்கே சபை நடுவில் அப்பு எல்லாவற்றையும் சொன்னாராம். அதைக் கேட்டு அந்தச் சம்பந்தி சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். "இவ்வளவுதானே? இதை முந்தியே சொல்லியிருக்கலாமே!"

பிழை விட்டோம் என்ற ஒரு வசனம். இருபது வருடமாக ஒரு மனிதன் லொறிக்குள் இருந்து கலியாணச் சோறு சாப்பிட்டது, அந்த ஒரு வசனத்தைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராததால்.

மாமா தாரை வார்த்தார். மாமி செம்பால் தண்ணீர் ஊற்றினார். மாமா மச்சாளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது, அவர் கை நடுங்கியதை நான் முன் வரிசையில் இருந்து பார்த்தேன். பாலைவனத்தில் குண்டு விழுந்தபோது நடுங்கியதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாலைவனத்தைத்தான் நீங்கள் கல்லில் எழுதப்போகிறீர்கள்.

மாமா மெய்யாகவே இறந்தது பல வருடம் கழித்து, ஊரெல்லாம் இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு. எண்பதைத் தாண்டியிருந்தார். புதிதாக வந்த ஐயர் அந்தியேட்டிக்கு நாள் சொன்னபோது மாமி தலையாட்டவில்லை. "அவருக்கு எல்லாம் முந்தியே செய்தாச்சு. ஒரு ஆளுக்கு இரண்டுதரம் செய்யிறேல்லை. நானும் கொடியை இரண்டுதரம் கழட்டிட்டன், இனிக் கழட்டேன்" என்றார். கழற்றவுமில்லை. பொட்டோடும் கொடியோடும்தான் சாகும்வரை இருந்தார். ஊர் அதற்கும் முணுமுணுத்தது. முணுமுணுக்காமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

இப்போது உங்கள் நிகழ்ச்சி நிரலுக்கு வருகிறேன். "மங்கல விளக்கேற்றல்" என்று ஒரு வரி. அதற்கு நேரே லண்டனிலிருந்து வரும் ஒரு தம்பதியின் பெயர். மாமாவை அவர்கள் கண்டதுகூட இல்லை. மச்சாள் இதே ஊரில் இருக்கிறாள், அவருடைய ஒரே பிள்ளை, அவள் பெயர் ஏன் இல்லை என்று குழுவில் கேட்டேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. பிறகு ஒருவர் தனியாக எனக்கு எழுதினார்: "அவ புருசன் இல்லாதவ எல்லே. மங்கல விளக்கு. குறை நினைக்காதையுங்கோ, சனம் கதைக்கும்."

எனக்கு அதை வாசித்தபோது கோபம்கூட வரவில்லை. களைப்புத்தான் வந்தது. எண்பது வருடமாக அதே கிணற்றடியில்தான் நிற்கிறோம்.

ஆகவே இப்போதே சொல்லி வைக்கிறேன். அன்றைக்கு மச்சாளை நான்தான் கூட்டி வருவேன். திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த ஓட்டோப் பெடியனிடம் சொல்லியும் விட்டேன். அவள் தன்னிடம் இருக்கிற வெளிர்ச் சீலையைத்தான் உடுத்தி வருவாள். நேரே போய் விளக்கை ஏற்றுவாள். உங்களில் யாராவது முன்னால் வந்து தடுத்தால், மாமா பையைக் கீழே வைக்காமல் மாமியிடம் கேட்டதை நானும் அங்கே, மைக்குக்கு முன்னால் நின்று, உரக்கக் கேட்பேன்.

ஆர் செத்தது?

பதில் சொல்ல ஒரு ஆளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.